அத்தை திருந்திய வெள்ளிக்கிழமை

திரையின் கீழே "இறுதி வாரம்" என்று சிவப்புப் பட்டை ஓடியபோது என் கை பொரியுருண்டையோடு பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்தபடி காத்திருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "வாய மூடுங்க, ஈ பூந்துரும்" என்றாள். அவள் குரலிலும் சுரத்தில்லை.

நான் இழவுச் செய்திக்கு ஆடிப்போகிற ஆள் இல்லை. என் தொழிலில் பாதி அதுதான். தருமபுரி டவுனில் பிளக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே மெஷினில்தான் வெளியே வருகின்றன. பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்த அதே போட்டோ சில வருஷம் கழித்து அஞ்சலிக்கு வரும். பின்னணியை ரோஜா நிறத்திலிருந்து கருப்புக்கு மாற்றி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தால் வேலை முடிந்தது. சிரிப்பை மாற்ற வேண்டியதில்லை. செத்தவர் சிரித்தபடியே இருப்பார். "எங்கள் குடும்பத்தின் ஆணிவேர் சாய்ந்தது" என்ற வரியை மட்டும் இந்த ஜில்லாவில் எத்தனை குடும்பத்துக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு குடும்பமும் சாயவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு, ஒரு டிவி நாடகம் முடியப்போகிறது என்றதும் உள்ளங்கை வியர்த்தது. ஐம்பதைத் தாண்டிய வயது, சுகர் வேறு. வியர்த்தால் சுகர் இறங்கியிருக்கும், சர்க்கரைத் தண்ணி குடிங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடித்தேன். நாடகம் முடியப்போவதில் ஒரு மாற்றமும் இல்லை. சுகர் மட்டும் ஏறியது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். அவள் வீட்டில் இருந்தவரை எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அவள் வழியாகத்தான் போய்வரும். "அப்பாவ சாப்புட வரச்சொல்லு." "உங்கம்மா சாவிய எங்க வெச்சான்னு கேளு." மூன்று பேரும் ஒரே ஹாலில்தான் இருப்போம். அவளுக்குக் கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் எங்கள் வீடு தபால்காரன் இல்லாத ஊராகிவிட்டது. நான் கடையிலிருந்து அதியமான்கோட்டைக்கு வந்து சேருவேன். மனைவி ரெண்டு மாட்டையும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவாள். "கேஸ் வந்துச்சா?" "வந்துது." "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" "காட்டிட்டேன்." அன்றைய பேச்சு அதோடு சரி. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே.

அப்போதுதான் தினமும் ஏழரை மணிக்கு அந்த நாடகம் வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் ஏழரை பிடித்தால் வீடு நாசமாகும். எங்களுக்குப் பிடித்து வீடு விளங்கியது.

அதில் ஒரு அத்தை. கதைப்படி மாமனாரின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. தூங்கும்போதும் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. யோசிக்கும்போது இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். அது ஏறினால் அந்த வாரம் யாரோ மாடிப்படியில் உருளப்போகிறார்கள் என்று அர்த்தம். பாயசத்தில் விஷம் வைத்தாள். ஆள் மாறிக் குடித்தது. சொத்துப் பத்திரத்தைத் திருடினாள், அது ஜெராக்ஸ். மருமகளைக் கடத்த ஆள் பிடித்தாள். அவன் மருமகளுக்கே அண்ணன் முறையாகிவிட்டான். இத்தனை தோல்விக்குப் பிறகும் மறுநாள் குளித்து, பொட்டு வைத்து, புருவத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள். இப்படி ஓர் உழைப்பாளியை என் கடையில் நான் பார்த்ததே இல்லை.

முதல் நாளே நான் அத்தை கட்சியில் சேர்ந்துவிட்டேன். மனைவி, பெரிய மருமகள் கட்சி. பெரிய மருமகள் என்பவள் வருஷக்கணக்காக அழுதுகொண்டே காபி போடுகிற பெண். விளம்பரம் வந்ததும் எங்கள் சட்டசபை கூடும்.

"பாவம், அந்தப் பொண்ணு எத்தினிதான் தாங்கும்."

"தாங்கட்டும். வேற என்னா வேல இக்குது அவளுக்கு?"

"உங்க அத்த மட்டும் ஆபீசுக்கா போறா?"

"எங்க அத்த திட்டம் போடறா. திட்டமில்லாம ஒரு குடும்பம் நடக்குமா?"

"உங்க வூட்ல பொறக்க வேண்டியவ. வழி தவறி டிவிக்குப் போயிட்டா."

இதற்கு நடுவே சில சமயம், "எனக்குக்கூட இப்பிடித்தான், கல்யாணம் ஆன புதுசுல உங்க சித்தி..." என்று ஆரம்பித்து, இத்தனை காலம் சொல்லாத ஒன்றைப் போகிற போக்கில் சொல்லிவிடுவாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். பதில் தேடுவதற்குள் விளம்பரம் முடிந்து அத்தையின் புருவம் வந்துவிடும். நான் தப்பித்தேன், அவளும் சொல்லிவிட்டாள். இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் குடும்ப நீதிமன்றத்திலும் கிடையாது.

நாடகம் முடிந்தால் இந்தப் பேச்சும் முடிந்தது. சர்க்கரைத் தண்ணீருக்கு அடங்காத பயம் அதுதான்.

அந்த வாரம் முழுக்க நான் தீயணைப்பு வண்டி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றினேன். தாயக்கட்டை வாங்கலாமா என்று கேட்டேன். "ரெண்டு பேர் ஆடறதுக்கா?" என்றாள். சாயங்காலம் வாக்கிங் போகலாமா என்றேன். எங்கள் வீட்டிலிருந்து வாக்கிங் போனால் நேரே ஹைவே. அதில் லாரிக்காரன்தான் பேசுவான், அதுவும் அம்மா அக்காவை இழுத்து. மகளுக்குப் போன் போட்டேன். "மொதல்ல இருந்து எல்லா எபிசோடும் ஆப்ல இக்குதுப்பா, திரும்பப் பாருங்க" என்றாள்.

"செத்தவங்கள எழுப்பி மறுபடியும் சாவடிக்கச் சொல்றியா?"

"அப்பா, இன்னும் யாரும் சாவல."

"உனக்குத் தெரியாது. இது கடைசி வாரம்."

பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி சேனல் சேனலாகப் போனேன். இதில் மாமியார் நன்றாக இருந்தாள், மருமகள் சரியில்லை. அதில் மருமகள் லட்சணம், ஆனால் வில்லிக்கு முகமே அசையவில்லை. மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கட்டுனவ இன்னும் கண்ண மூடல. அதுக்குள்ளார ரெண்டாந்தாரமா?" என்றாள். டிவியை அணைத்தேன்.

வியாழக்கிழமை விளம்பரத்தில், சட்டசபை கூடவில்லை. அவள்தான் பேசினாள். "அவங்களுக்கென்னங்க. அடுத்த வாரமே வேற பொடவ கட்டிகிட்டு வேற வூட்டுக்குப் போயிருவாங்க. நம்மதான் இங்கியே ஒக்காந்திருக்கணும்."

அத்தை கட்சி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

மங்களகரமாக முடிக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையை வைத்திருந்தார்கள். அவள் மாடுகளை அவசரப்படுத்திக் கறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நானும் ஷட்டரைச் சீக்கிரம் இழுத்துவிட்டு வந்திருந்தேன். கோயில் படிக்கட்டு. குடும்பமே நிற்கிறது. அத்தை வருகிறாள். புருவம் ஏறும், கடைசியாக ஒரே ஒரு கத்தியாவது இடுப்பில் இருக்கும் என்று முன்னால் சாய்ந்தேன். புருவம் ஏறவில்லை. இடுப்பில் சாவிக்கொத்துதான் இருந்தது. அதை எடுத்துப் பெரிய மருமகளின் கையில் கொடுத்து, அவள் காலில் விழுந்து, "நீதாம்மா எனக்கு மகள்" என்று அழுதாள். மூன்று கோணத்தில் அழுதாள். எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

இத்தனை வருஷம் ஒரு கொள்கைக்காக வாழ்ந்தவள், கடைசி அஞ்சு நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டாள். எங்கள் பக்கத்து கவுன்சிலர்கூட ஒரு வாரம் யோசித்துத்தான் மாறினார்.

மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். தவிட்டு மூட்டையைத் திறந்ததில் கண்ணில் தூசி விழுந்தது. ரெண்டு கண்ணிலும் விழுந்தது. கறுப்பு மாடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அங்கே நின்றபடியேதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மனைவியைச் சிரிக்க வைக்க வேண்டும். கடை வேலையில் பாதி என் போனில்தான் இருக்கிறது. கருப்புப் பின்னணி, ரெண்டு குத்துவிளக்கு, "எங்கள் குடும்பத்தின் ஆணிவேர் சாய்ந்தது. ஆறாத்துயரில் வாடும் குடும்பத்தார்." அத்தையின் படம் கிடைக்கவில்லை, டிவியை எடுத்த போட்டோவில் என் தொந்திதான் பிரதிபலித்தது. படமில்லாமலே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். பால் காய்ச்சும்போது எல்லார் ஸ்டேட்டஸையும் பார்ப்பது அவள் பழக்கம்.

பார்த்தாள். சிரிக்கவில்லை. "ரசம் தீயற வாசம் வருது" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ரசம் எங்காவது தீயுமா? அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பளம் உடைகிற சத்தம் மட்டும்தான். அந்த ஸ்டேட்டஸை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இருக்கிற கவலையில் அது எங்கே.

சனிக்கிழமை கடைக்குப் போய் போனைப் பார்த்தால் கும்பிடும் கைகளும் அழுகிற மூஞ்சிகளும் குவிந்து கிடந்தன. சொந்தக்காரர்கள், பழைய கஸ்டமர்கள், பேப்பர் சப்ளை பண்ணுகிறவர் வரை. நம்ம அத்தைக்கு இவ்வளவு ஆதரவாளர்களா என்று எனக்கு மார்பு விம்மியது. எல்லாருக்கும் திருப்பிக் கும்பிடு போட்டேன். மகள் மட்டும் சிரிக்கிற மூஞ்சி அனுப்பியிருந்தாள். ஈரமில்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் காதுகுத்து பேனருக்கு வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனச தேத்திக்குங்க. இன்னிக்குக் கடைய தொறந்திருக்க வேணாம்."

"வேலையில இருந்தா மறக்கும்னுதாங்க" என்றேன். உலகத்தில் என்னைப் போல இன்னொருத்தன்!

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது சாயங்காலம் வரை எனக்குத் தெரியாது. தெரியாததால் அன்றைய பொழுது நன்றாகவே போனது.

நாடகம் இல்லாத முதல் ஏழரை அது. வெறுங்கையோடு எதிர்கொள்ளத் தைரியமில்லாமல் கோழி வாங்கிக்கொண்டு போனேன். கோழி என்றால் கழுவ, வதக்க, உப்புப் பார்க்க, "காரம் தூக்கலா இக்குது" என்று சொல்ல, எப்படியும் நேரத்தை ஒப்பேற்றிவிடலாம். அவள் வாங்கி அடுப்பில் ஏற்றினாள். முந்தின நாள் அழுததில் முகம் இன்னும் வீங்கியிருந்தது. நான் சவரம் செய்திருக்கவில்லை. டிவி அணைந்திருந்தது. ஹாலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தெட்டு. சமையல்கட்டிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். குழம்பு கொதிக்கிற சத்தம் வந்தது.

வாசலில் கார் நின்றது.

மனைவியின் அண்ணன், என் மச்சான், பொம்மிடியிலிருந்து வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி, கையில் அடுக்குக் கேரியர். மச்சான் கையில் ஆளுயர ரோஜா மாலை. ரெண்டு பேரும் "மாப்ள" என்றோ "கண்ணு" என்றோ கூப்பிடாமல், தலையைக் குனிந்தபடி நேரே உள்ளே வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்கென்று தனிச் சட்டம் உண்டு. வருகிறவரை "வாங்க" என்று சொல்லக்கூடாது. வந்தவர் எடுத்தவுடன் எதுவும் கேட்கக்கூடாது. பெண்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஆண்கள் கையைத் தொட்டுவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு இழவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். மொத்தத்தில், யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு சாவை நடத்தி முடித்துவிடலாம். செத்த ஆள் இல்லாமலும் நடத்தலாம் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தோம்.

மச்சான் மனைவி சமையல்கட்டுக்கே போய் என் மனைவியைக் கரண்டியோடு கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். கட்டிப்பிடித்து அழுகிறவளிடம் "எதுக்கு?" என்று கேட்கிற நாகரிகம் இல்லாதவளை எங்கள் ஊரில் யாரும் வளர்க்கவில்லை. என் மனைவியும் அழுதாள். நெஞ்சிலிருந்து வந்த அழுகை அது. மச்சான் ரெண்டு கையையும் நீட்டினார். நானும் நீட்டித் தொட்டேன். பொம்மிடியில் யாருக்கோ ஆகிவிட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, "எடுத்தாச்சா மாப்ள? வாசல்ல பந்தல் காணமே" என்றார்.

யாரை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சட்டம்.

அப்போது சமையல்கட்டிலிருந்து மச்சான் மனைவியின் குரல் ராகத்தோடு எழுந்தது. "ஆணிவேரு சாஞ்சுதே... எங்க குடும்பத்து ஆணிவேரு சாஞ்சுதே..."

எங்கேயோ கேட்ட வரி என்று நினைத்தேன். அடுத்த நொடி பொறி தட்டியது. என் கடை வரி! நான் அடித்த பேனரை எனக்கே படித்துக் காட்டுகிறாள். காலையிலிருந்து வந்த கும்பிடுகள், காதுகுத்துக்காரரின் கை, கடை தொறந்திருக்க வேணாம் என்ற பேச்சு, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் மண்டையில் குட்டின.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "மச்சான், வந்து..." என்றேன். வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் என் அப்பா.

அப்பா ஆறு மாசம் எங்கள் வீட்டிலும் ஆறு மாசம் பாப்பாரப்பட்டியில் தம்பி வீட்டிலும் இருப்பவர். போன மாசம்தான் தம்பி வீட்டுக்குப் போனார். அது மச்சானுக்குத் தெரியாது. அப்பாவின் கையில் செவ்வந்தி மாலை. தலையைக் குனிந்தபடி, சட்டப்படி, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்தார்.

மச்சான் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி அப்பாவைப் பார்த்து, "ஐயோ மாமா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அதைத் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார். மச்சானிடம் போய்க் கையைத் தொட்டு, "அழுவாதீங்க. வயசான உசுரு. உங்கம்மா மகராசி, நோவு நொடியில்லாம போய்ச் சேந்துட்டா" என்றார்.

"எங்கம்மாவா?" மச்சானுக்குக் குரல் உடைந்தது. "காலைல அதான் களி கிண்டி எனக்குப் போட்டுது!"

"சம்பந்திம்மாதான்னு சின்ன மருமவ சொன்னாளே. போன்ல குத்துவெளக்கு படம் வந்துதாமே. இவங்களோட சேந்து பொம்மிடி போலாம்னுதான் இங்க வந்தேன். அப்ப நீங்க மாலை யாருக்குக் கொண்டாந்தீங்க?"

மச்சான் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார். ஆளுயர மாலை எந்த முதுகுக்குப் பின்னால் அடங்கும்? "மாமா..." என்றார். "உங்களுக்குத்தானுங்க."

அப்பா அந்த மாலையை வாங்கி ஏந்திப் பார்த்தார். "ரோசாவா?" என்றார். "எனக்கு இவ்ளோ பெருசாவா?" முகத்தில் ஒரு மலர்ச்சி. பிறகு தன் கையிலிருந்த ஒல்லிச் செவ்வந்தியைப் பார்த்தார். "சம்பந்திம்மாவுக்கு நான் இதான் கொண்டாந்தேன். பஸ் ஸ்டாண்டுல இதான் இருந்துது" என்று மச்சானிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பின. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"யாரும் சாவலங்ணா. ஏழரை மணி நாடகத்துல ஒரு அத்த இக்குது. அது நேத்து திருந்திருச்சி. அதுக்கு இவரு எழவு கொண்டாடறாரு."

கோழிக்குழம்பு வாசம் மட்டும் மெல்ல வந்து எல்லார் மூக்கிலும் உட்கார்ந்தது.

"வரும்போதே நெனச்சேன்" என்றார் மச்சான். "எழவு வூட்ல கோழி வாசம் அடிக்குதேன்னு. சரி, பக்கத்து வூடுன்னு விட்டேன். ஒரு போனு பண்ணிருக்கலாம்தான். செத்த வூட்டுக்குப் போன் போட்டு, செத்துட்டாங்களான்னு கேக்கறதா? எங்க சித்தப்பா மவன கேட்டேன். 'ஆமா, நானும் ஸ்டேட்டஸ்ல பாத்தேன், உறுதிதான்'னான்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மச்சான் மனைவி முந்திக்கொண்டாள். மூக்கைச் சிந்திவிட்டு, "யாரு, அந்தப் புருவக்காரியா?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

"அவளுக்குப் போடலாம், தப்பில்ல." பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னாத்துக்குத் திருந்துனா? இத்தினி வருசம் எங்கள ஒக்கார வெச்சிட்டு, கடைசில கால்ல வுழுந்தா ஆச்சா?"

"அப்பிடிக் கேளுங்க!" என்றேன். செத்துக்கொண்டிருந்த கட்சிக்கு ஒரு தொண்டர் கிடைத்துவிட்டார்.

"திருந்தாம? சாவற வரைக்கும் வெசம் வெச்சிகிட்டே இருப்பாளா?" என்றாள் என் மனைவி, கரண்டியை ஆட்டி.

"வெக்கட்டும் கண்ணு, யாரு செத்தா இப்ப?" என்றாள் மச்சான் மனைவி.

அப்பா குறுக்கிட்டார். அவருக்கு வேறு பிரச்சினை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் குளிக்காமல் எதையும் தொடக்கூடாது, கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. "சாவே இல்லீங்களே மாமா" என்றார் மச்சான். "சாவு இல்லதான். நம்ம வந்தது சாவுக்குத்தானே?" என்றார் அப்பா. மச்சான் என் லுங்கியைக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்று தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டார். செவ்வந்தியைச் செவலை மாட்டுக்குப் போட்டோம். ரோஜா மாலையை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. "என்னுத நானே போடறேன்" என்று கறுப்பு மாட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாகப் பிய்த்து, அழகு பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். அவர்கள் கொண்டுவந்த புளிசோறும் எங்கள் கோழிக்குழம்பும் சேரும் என்று யாருக்கும் அதுவரை தெரியாது. சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை திருந்தியது சரியா தப்பா என்று ரெண்டு பெண்களும் மோதிக்கொண்டார்கள். கிளம்பும்போது மச்சான் வாசலில் நின்று, "அப்ப..." என்று இழுத்தார். போய்ட்டு வரேன் என்று சொல்லலாமா கூடாதா என்று குழப்பம். அப்பாதான் தீர்த்துவைத்தார். "தாராளமா சொல்லிட்டுப் போங்க. நான் உசுரோடதான் இக்கறேன்."

கார் போனதும் அப்பா கட்டிலில் சாய்ந்தார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், கழுவிய தட்டுகளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு தப்பு பண்ணியவனுக்கு வேறு என்ன வேலை.

"அண்ணி என்னைக் கட்டிப் புடிச்சதும் எங்கம்மாதான் போயிருச்சின்னு நெனச்சேன்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "கேக்கவும் முடியல. கேட்டா ஆமான்னு சொல்லிருவாங்களோன்னு பயம்."

எனக்குச் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில் விளம்பரம் முடியட்டும் என்று காத்திருந்தேன். எந்த நாடகமும் வந்து என்னைக் காப்பாற்றவில்லை. நானேதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கும் பயந்தான்" என்றேன்.

"உங்களுக்கு என்னா பயம்?"

"ஏழரை மணி."

நிமிர்ந்து பார்த்தாள். "ஏழரை மணிக்கு என்னா?"

"நாடகம் இல்லன்னா நீ என்கிட்ட என்னா பேசுவ?"

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். ஸ்டேட்டஸுக்கு வரவேண்டிய சிரிப்பு, ஒரு நாள் தாமதமாக, சோப்பு நுரையோடு வந்தது. "அதுக்கா ஊர்ல இக்கறவங்களையெல்லாம் சாவடிச்சீங்க?" என்றாள். கையை உதறிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணி அழுதுதே, பாத்தீங்களா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்துதா?" என்றாள்.

"ராகம் நல்லா இருந்துதே."

"ராகம்! உங்க அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப எட்டிப் பாக்கல. இப்ப ஆளுயர மாலை. அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

"எதுக்கு?"

"நீங்க அவங்க கட்சிதானே, உங்ககிட்ட எப்பிடிச் சொல்றது?"

திங்கட்கிழமை அந்த நேரத்துக்கு அதே சேனலில் புது நாடகம் ஆரம்பித்தது. புது வீடு, புது மருமகள், அழாத முகம். நம்ம அத்தை அதில் சாந்தமான அம்மாவாக வந்தாள். நான் பார்க்க விரும்பவில்லை. மனைவி சொசைட்டியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு அவள் இடத்தில் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை மொத்தமாகக் குறைத்தாள்.

"அண்ணி போன் பண்ணுச்சு" என்றாள்.

"என்னாவாம்?"

"என்னா சொல்லிருக்கும், நீங்களே சொல்லுங்க."

"மாலையப் பத்தியா?"

"மாலையா? மாலையெல்லாம் சின்ன விசயம்." இடது புருவத்தை மட்டும் தனியாகத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் அவளால் அப்படித் தூக்க முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் கையிலிருந்த பொரியுருண்டையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தேன்.

"இருங்க, பால் பொங்குது" என்று எழுந்து போய்விட்டாள்.